தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய புல்வெளி

கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. திரையில் தெரிவதை நம்புவார்கள். கண்ணெதிரே தெரிவதைச் சந்தேகப்படுவார்கள். இருபத்தேழு வயதில் எனக்கு இந்த நோய் நன்றாக முற்றியிருந்தது. அதன் பலனாக, எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு கௌரவமான மனிதரை, பட்டப்பகலில், சாட்சிகள் முன்னிலையில், கல்கத்தாவில் பெஹாலாவுக்கு அப்பால் ஒரு குளத்துக்குள் இறக்கிவிட்டேன். வரைபடத்தின்படி அங்கே குளமே கிடையாது என்பதை இன்றைக்கும் என்னால் நிரூபிக்க முடியும்.

அப்போது நான் சால்ட் லேக் செக்டார் ஃபைவில், செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு பெஹாலாவில். இரண்டு பஸ் மாறி, ஒரு ஆட்டோவின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் நான் வேறு ஆள். கீழே வங்காளம் முழுக்கப் படுத்துக் கிடக்கும். மேலே ஆகாயத்தில் நான் ஒருவன். (ஆபீசில் ஏ.சி.யும் இருந்தது. அது கம்ப்யூட்டர்களுக்காகப் போட்டது என்பதை அடிக்கடி நினைவூட்டுவார்கள்.)

ஒரு நாள் பக்‌ஷி பாபு என்ற கட்டடக்காரர் வந்தார். வெளிநாடு போய்த் திரும்பியவர். அங்கே யாரோ அவருக்கு ஜியோதெர்மல் ஹீட் பம்ப் என்ற ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். பூமியில் ஆழமாகத் துளைகள் போட்டு, குழாய்களை இறக்கி, அவற்றில் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். மேலே எவ்வளவு வெயில் கொளுத்தினாலும் ஆழத்தில் மண் ஒரே பதமாக இருப்பதால், கட்டடத்தின் சூட்டைக் கொண்டுபோய் மண்ணில் விட்டுவிடலாம். குளிர்நாட்டுக்காரர்கள் கதகதப்புக்காகச் செய்வதைக் கல்கத்தாப் புழுக்கத்துக்குச் செய்துபார்க்க அவருக்கு ஆசை. பெஹாலாவைத் தாண்டி ஒரு பயிற்சி மையம் கட்டப்போகிறாராம். எந்த மனையை வாங்கினால் துளை போடத் தோதாக இருக்கும் என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

என் மேலதிகாரி சௌமென் தா (தா என்றால் அண்ணன்) அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நீ பெஹாலாக்காரன், உனக்குத் தெரியாத இடமா என்றார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வேலை இதுதான். மண் எப்படிப்பட்டது என்று ஒரு வரைபடம். நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் என்று ஒன்று. மேடு பள்ளம், காலி இடம், சாலை எவ்வளவு தூரம் என்று தனித்தனியாக மற்றவை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்துக்கும் மார்க் போட்டு, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டும். ஈரமான மண் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும் என்பதால் அதற்குக் கூடுதல் மார்க். கடைசியில் உகந்த இடம் பச்சையாகவும் உதவாத இடம் சிவப்பாகவும் வரும். இதை அம்மாவிடம் விளக்கினேன். "பத்துப் பொருத்தம் பாக்க மாதிரியா" என்றாள். (திருநெல்வேலியை விட்டு முப்பது வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு மட்டும் கல்கத்தா வந்து சேரவில்லை.) விஞ்ஞானத்தை இப்படிக் கொச்சைப்படுத்தாதே என்று கோபித்துக்கொண்டேன். பிற்பாடு யோசித்துப் பார்த்ததில், அச்சு அசல் அதேதான்.

பன்னிரண்டு இடங்கள் பச்சையாக வந்தன. அதில் ஒன்று மட்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மார்க் வாங்கியிருந்தது. நான் படித்த காலத்தில் எந்தப் பாடத்திலும் வாங்காத மார்க். ஈரம் அபாரம். மேடு பள்ளம் மருந்துக்கும் இல்லை. மரம், வீடு, கம்பம் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் படம் செழிப்பான பச்சை என்று பளிச்சென்று காட்டியது. 'புல்வெளி' என்று பெயரிட்டேன். நாலாபுறமும் வீடுகள் முட்டி மோதும் இடத்தில், இவ்வளவு பெரிய காலி நிலத்தை இத்தனை வருஷமாக ஒருத்தரும் ஏன் தொடவில்லை என்ற கேள்வி ஒரு சாதாரண மனிதனுக்கு வந்திருக்கும். நான் எம்.எஸ்ஸி.

இதே சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கரியாஹாட் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம். பெண் பெயர் உஷா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே போய் உட்கார்ந்தபோது, நான் சிங்காடாவை, அதாவது வங்காளத்துச் சமோசாவை, சுடச்சுடக் கடித்து வாய் வெந்து, அது வெளியே தெரியாமல் புன்னகை செய்துகொண்டிருந்தேன். அதை அந்த அறையில் அவள் ஒருத்திதான் கவனித்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று நான் முடிவு செய்தது அந்த நிமிஷம். இதில் எனக்குக் கிண்டல் எதுவும் இல்லை.

ஆனால் உஷாவுக்கு ஓர் அப்பா இருந்தார். சிதம்பரம் சார் அரசாங்க நிலத்தடி நீர்த் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். மேதினிபூரிலிருந்து ஜல்பாய்குரிவரை துளை போடாத இடமில்லை என்று அவரே சொன்னார். தம்பி என்ன பண்றீங்க என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம், ஜோசியம் பார்க்கிறேன் என்று நான் சொன்னதுபோல மாறியது.

"இடத்துக்குப் போகாமலேயே இடத்தைக் கண்டுபிடிச்சுருவீங்களோ?"

"போகவே வேண்டாம் சார். மேலேருந்து எல்லாம் தெரியும்."

அந்தத் திமிரை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர் சிங்காடாவின் மூலையை நிதானமாக உடைத்துக்கொண்டே, அந்த முதல் மார்க் வாங்கிய இடத்தை ஒரு நாள் நேரில் காட்டுங்கள், பார்த்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்றார். மற்றது என்பது கல்யாணம். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கம்ப்யூட்டர் பச்சை என்று சொன்ன ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய், ஜி.பி.எஸ் கருவியை நீட்டி, போட்டோ எடுத்து, பாரத்தில் எழுத வேண்டும். ஆறு இடங்களுக்கு ஒழுங்காகப் போனேன். ஏழாவது நாள் மழை. அதோடு சிதம்பரம் சார் முன்னால் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஒரு நல்ல சட்டை இல்லை. ஆபீசில் கள ஆய்வு என்று எழுதிவைத்துவிட்டு கரியாஹாட் போய், நடைபாதைக் கடைக்காரர் ஒருவரிடம் ஓர் இளநீலச் சட்டைக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசினேன். ஆறு இடங்களையும் சேர்த்துப் பார்க்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேனா என்பது சந்தேகம். மீதிப் பாரங்களை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நிரப்பினேன். 'நேரில் பார்க்கப்பட்டது. புல்வெளி. மிகவும் உகந்தது.' அந்தப் புல்வெளி எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை.

பாரத்தில் இருந்த தெருப் பெயரைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள். "ஏல, அந்தப் பக்கம் பூரா கொளம்லா. நம்ம மீன்காரம்மா அங்கேருந்துதான வாரா."

படத்தில் குளம் இல்லை என்றேன்.

"அப்ப அந்தப் படத்தையே கட்டிக்கிடு" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்த நாள் வந்தது. புழுக்கம் தாங்காத காலை. பக்‌ஷி பாபு காரில் சௌமென் தாவும் நானும் போனோம். சிதம்பரம் சார் டாக்சியில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் குடை. நிலத்தடி நீர் நிபுணர் என்று நான் அறிமுகப்படுத்தியதும், இலவசமாக ஒரு நிபுணர் கிடைத்த சந்தோஷத்தில் சௌமென் தா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

சந்து முடியும் இடத்தில், சொன்னபடியே, பரந்த பச்சை. ஓரத்தில் சேம்பும் கோரைப்புல்லும். அதைத் தாண்டி அடர்த்தியாக, சமமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இலைகள். நடுவில் ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. கொக்கே நடக்கிறது பாருங்கள் என்று அதையும் என் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். வரைபடத்தைக் கார் பானெட்டில் விரித்து, குச்சியால் சுட்டிக்காட்டி, அரை மணி நேரம் பேசினேன். நிலத்தைப் பார்க்க வந்த நான்கு பேரும் நிலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எதிர்ப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, "ஓ தாதா, ஓதிகே ஜாபேன் நா" என்று கத்தினாள். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று தெளிவாகத்தான் சொன்னாள். எங்கள் நான்கு பேருக்கும் வங்காளம் தெரியும். ஆனால் கையில் வரைபடத்தோடு ஒரு கட்டடக்காரர் சந்துக்குள் நுழைந்தால் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள் என்பது அந்த ஊரில் எழுதப்படாத சட்டம். முதலில் ஓர் அம்மாள், பிறகு தெருக் கிளப் பையன்கள், பிறகு கட்சிக்காரர்கள். கண்டுகொள்ளாதீர்கள் என்று சௌமென் தா மெதுவாகச் சொன்னார். நாங்களும் அனுபவசாலிகள்போலத் தலையாட்டினோம். (பாத்திரம் தேய்க்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே ஒரு விஞ்ஞானிக்கும் தோன்றவில்லை.)

இப்போது சிதம்பரம் சாரின் முறை. ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். விரலால் உருட்டினார், மோந்து பார்த்தார், கண்ணை மூடினார். பிறகு என் வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"இங்க பதினஞ்சு அடி தோண்டாம சொட்டுத் தண்ணி கிடைக்காது. எழுதிக்குங்க."

பக்‌ஷி பாபு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நான் நெகிழ்ந்துபோனேன். பெரியவருக்கு முதல் மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஜி.பி.எஸ் கருவியைப் பார்த்து, துளை போடும் இடம் நேராக நாற்பது மீட்டர் என்று சொல்லி, சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். நீங்களே அடிக்க வேண்டும் சார் என்றேன். அவர் முகத்தில் முதன்முறையாக என்மேல் ஒரு பிரியம் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் அது நீடித்திருந்தால் அங்கேயே நிச்சயதார்த்தம் முடிந்திருக்கும்.

ஒரு கையில் குடை, ஒரு கையில் முளை. முதல் அடி வைத்தார், கோரைப்புல் தாங்கியது. இரண்டாவது அடி, லேசாக ஆடினாலும் தாங்கியது. மூன்றாவது அடியில் சிதம்பரம் சார் குள்ளமானார். சத்தமே இல்லை. இலைகள் வழிவிட்டன, அவர் போனார், இலைகள் மறுபடி சேர்ந்துகொண்டன. விரித்த குடை மட்டும் மேலே நின்றது.

செயற்கைக்கோள் செழிப்பான பச்சை என்று சொன்னது ஆகாயத்தாமரையை. அங்கே அதைக் கொச்சுரிபானா என்பார்கள். மழைக்காலத்தில் குளத்தை ஓர் அங்குலம் மிச்சமில்லாமல் மூடிவிடும். நிலம் சமதளம் என்று வந்தது. தண்ணீரைவிடச் சமமான தளம் எது? ஈரம் அபாரம் என்று வந்தது. அதையும் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நான் அலறினேன். ஆள் கூப்பிடலாம் என்று கார்ப் பக்கம் திரும்பினேன். (ஓடப் பார்த்தாயா என்று கேட்டால், கூப்பிடுவதற்காக ஓடப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) திரும்பிய வேகத்தில் ஈரக் களிமண்ணில் கால் வழுக்கி, இளநீலச் சட்டையோடு மல்லாக்கப் பின்பக்கமாகக் குளத்துக்குள் விழுந்தேன்.

எழுந்து நின்றபோது தண்ணீர் மார்பளவு. பக்கத்தில் சிதம்பரம் சாரும் எழுந்து நின்றிருந்தார். தலையில் ஆகாயத்தாமரை, மூக்குக் கண்ணாடியில் பாசி, கையில் இன்னும் அந்தக் குடை. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுற்றுமுற்றும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இது உங்க எந்தப் படத்துல வருது?"

எதிர்க்கரை அம்மாள், நான்தான் சொன்னேனே என்று பாத்திரத்திடம் சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பக்‌ஷி பாபு குறிப்பேட்டில் எதையோ அடித்துவிட்டுத் திருத்தி எழுதுவது தண்ணீருக்குள்ளிருந்தே தெரிந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் மூங்கிலை நீட்டி எங்களை இழுத்துப் போட்டார்கள். சௌமென் தா பிற்பாடு அறிக்கையில், 'நீர்மட்டம் களத்தில் இறங்கி நேரடியாகச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினார். மேலதிகாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பக்‌ஷி பாபு தன் கார் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அவசர வேலை இருப்பதாகச் சொன்னார். கல்கத்தா டாக்சிக்காரர்கள் காய்ந்த ஆளையே ஏற்ற மாட்டார்கள். ஆகவே நானும் சிதம்பரம் சாரும் டயமண்ட் ஹார்பர் சாலை ஓரமாக, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் போட, எங்கள் வீட்டுக்கு நடந்தோம். கதவைத் திறந்த அம்மா வருங்காலச் சம்பந்தியை மேலிருந்து கீழே பார்த்தாள். அன்றைக்கே சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

குளித்து, அப்பாவின் வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு, காபி குடித்து முடித்தபின் சிதம்பரம் சார் வாயைத் திறந்தார். "அந்தப் பதினஞ்சு அடி விஷயம் எங்க வீட்டுக்குத் தெரிய வேண்டாம்." நான் தலையாட்டினேன். அவர் கிளம்பிவிட்டார். கல்யாணம் நின்றுபோயிற்று என்று நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேலை போவதைப் பற்றிக்கூட எனக்குக் கவலை வரவில்லை. பக்கத்தில் கொண்டுவந்து வைத்த அந்தத் தண்ணீர் டம்ளர்தான் நினைவில் நின்றது. அழுகை வந்தது, அம்மா பார்த்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது. உஷா.

"அப்பா வேற யார் சட்டையோ போட்டுக்கிட்டு வந்தார். கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றாள். அவள் தொடர்ந்தாள். "அவர் கால் தவறி விழுந்ததும் நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காம குதிச்சீங்களாமே?"

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான், "அது வந்து..." என்றேன்.

"உங்களுக்கு நல்லா நீச்சல் தெரியுமா?"

ஒரு விஷயத்திலாவது உண்மை பேசுவோம் என்று முடிவு செய்து, "சுத்தமா தெரியாது" என்றேன்.

அவள் குரல் மாறி, "நீச்சல் தெரியாமலா குதிச்சீங்க?" என்று கேட்டாள். நான் அன்று முழுக்கச் சொன்ன ஒரே உண்மை, பொய்யைக் கொண்டுபோய்க் கோபுரத்தில் உட்கார வைத்துவிட்டது. தை மாதத்தில் கல்யாணம் நடந்தது.

பக்‌ஷி பாபு வேறு எங்கோ மனை வாங்கி, ஜன்னலுக்கு ஜன்னல் சாதாரண ஏ.சி. பெட்டிகளை மாட்டினார் என்று கேள்விப்பட்டேன். சௌமென் தா என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு நாற்காலியை விட்டு அனுப்பினார். கம்பெனியின் அத்தனை கள ஆய்வும் எனக்கே. ஒவ்வொரு புல்வெளியிலும் முதலில் ஒரு செங்கல்லை எறிந்து பார்ப்பவன் என்று எனக்குப் பெயர் ஆயிற்று.

வீட்டில்தான் நான் வீரன் ஆனேன். இருபது வருஷமாக உஷா இந்தக் கதையைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்கிறாள். சொல்லச் சொல்லக் குளம் ஆழமாகிறது. ரயிலில் போகும்போது ஜன்னலில் பச்சை தெரிந்தால் அவள் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வாள், பெட்டியே சிரிக்கும். தண்ணீரில் பந்து விழுந்தால், செருப்பு விழுந்தால், பக்கத்து வீட்டுப் பூனை விழுந்தால், என் மகள் கவலையே படமாட்டாள். பாபா, அதாவது அப்பா, குதிப்பார் என்பாள். வேறு வழியில்லாமல் முப்பத்தாறு வயதில், ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீச்சல் கற்றுக்கொண்டேன்.

எவ்வளவு நாளைக்குத்தான் தாங்குவது? போன மாதம் இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் எழுதினேன். கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த உஷாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, மகளுக்கும் அப்படியே. அந்தத் தைரியம்தான். ஆனால் மாமனாருக்குத் தெரியாமல் பத்திரிகைக்கு அனுப்புவது சரியில்லை என்று, உஷாவோடு கரியாஹாட் வீட்டுக்குப் போனபோது, அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து அவரிடம் தாள்களைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் மல்லாக்க விழுந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"மன்னிச்சிருங்க மாமா. நான் அன்னிக்குக் குதிக்கல."

"தெரியும் மாப்பிள்ளை. நீங்க ஓடப் பாத்தீங்க."

பிறகு ஏன் உஷாவிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு முட்டாளுங்க குளத்துல நின்னோம்னு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? ஒருத்தனாவது குதிச்சவனா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அதற்குள் உஷா காபியோடு வந்துவிட்டாள். என்னப்பா, இவர் எழுதினதா, எனக்கும் படிச்சுக் காட்டுங்க என்று எதிரில் உட்கார்ந்தாள். மாமா தாளை நேராகப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, "'சார் தண்ணீருக்குள் போனதைப் பார்த்ததும் நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அப்படியே குதித்தேன்'" என்று வாசிக்க ஆரம்பித்தார். எங்கேயும் தடுமாறவில்லை. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினார். உஷா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காபியை ஆற்றிக்கொண்டு நானும் கேட்டேன். நான் எழுதியிருந்ததைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது.